சி-டூ அக்காவும் நாற்பத்தேழாம் பக்கமும்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அந்த ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது. நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவுக்குப் பெயர் கிடையாது, சீட்டுதான். வீட்டு வரி ஏ-ஒன். பிறப்பு இறப்பு பி-த்ரீ. மார்க்கெட், கடை வாடகை, குத்தகை, ஒப்பந்தம் எல்லாம் சி-டூ. அந்த நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவரை பியூன் முதல் கமிஷனர் வரை எல்லோரும் சி-டூ என்றே கூப்பிட்டார்கள். நான் மட்டும் 'சி-டூ அக்கா' என்பேன். எனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது, அதனால் ஒரு அக்கா.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு நகராட்சி. எது என்று கேட்காதீர்கள். என் தொழில் அப்போது லயசன். பில்டரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவருடைய ஃபைல்களை ஆபீசில் மேஜைக்கு மேஜை நகர்த்துகிற வேலை. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எந்த ஆபீசில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்குப் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் அண்ணி இந்த வேலையை வேறு மாதிரி சொல்வார். "இவுரு ஆபீஸ் ஆபீஸா போயி இளிச்சிகினு நிப்பாரு. அதுக்கு ஒர்த்தன் சம்பளம் குடுக்கறான்."

சர்க்கார் ஃபைலில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் முதல் குறிப்பை எழுத மாட்டார். கீழே இருக்கிற குமாஸ்தா எழுத வேண்டும். 'விதிகளுக்கு உட்பட்டு உள்ளது, பரிந்துரைக்கலாம்' என்று அந்த ஒரு வரி விழுந்துவிட்டால் மேலே எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால், 'குறிப்பை எழுதினது சி-டூ' என்று கையை உதறிவிடலாம் அல்லவா! அதனால் என்னைப் போன்றவர்களுக்குக் கமிஷனரைவிட இந்த சீட்டுதான் முக்கியம்.

நான் முதல்முதலாக அவரிடம் போனது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. மேஜையில் வைத்தேன். அவர் ஃபைல் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மர அடிக்கோலை வைத்து, வரி முடிந்ததும் கோலை ஒரு இழை கீழே தள்ளி, அப்படிப் படிப்பார். பக்கம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாகத் தின்றார்.

"நல்லா இருக்குப்பா. நெய் மைசூர்பாகா?"

"ஆமாக்கா. ஸ்பெஷலா சொல்லி வாங்கினது."

டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார். "மரியாதைக்கு ஒண்ணு. டப்பா வேற விஷயம். எடுத்துட்டுப் போ."

இதைப் பெரிய நேர்மை என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. பிகு பண்ணுகிறார், ரேட்டு அதிகம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நம் புத்தி அப்படி.

அக்கா சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்சார ரயிலில் வருவார். சாயங்காலம் திரும்பும்போது லேடீஸ் பெட்டியில் மடியில் பேப்பரை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டே போவார் என்று பி-த்ரீ சொல்வாள். மதியம் தயிர்சாதமும் ஒரு மோர்மிளகாயும். வெள்ளிக்கிழமை மட்டும் பக்கத்து சீட்டுக்காரிக்குப் பாதி மிளகாய். ஆபீஸ் அரட்டையில் கலந்துகொள்வார், சிரிப்பார், சீரியல் கதை கேட்பார். ஆனால் ஃபைலைத் திறந்துவிட்டால் அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும். "நல்லதா கெட்டதா, அப்புறம் பேசலாம். இதைச் செய்ய நமக்கு அதிகாரம் இருக்கா? அதைச் சொல்லு மொதல்ல."

இந்தக் கேள்வியால் ஆபீசே கடுப்பில் இருந்தது. பில்டர்களுக்கு மட்டும் இல்லை, பாவப்பட்டவர்களுக்கும் இதே கேள்விதான். மார்க்கெட் வாசலில் ஒரு பூக்கடை. லைசென்ஸ் மனைவி பெயரில். அந்த அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். புருஷன் கடையைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி வந்தார். எழுபது வயது, கண்ணில் புரை. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் மாற்ற முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த மனுஷன் நாலு தடவை வந்தார். தாலுகா ஆபீசில் இழுத்தடித்ததில் கடை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. எனக்கே தாங்கவில்லை.

"அக்கா, பாவம்க்கா. நாளைக்குச் செத்துருவாரு போல இருக்காரு. ஒரு கையெழுத்துதானே? உங்களுக்கு மனசே கிடையாதா?"

"பாவம் பார்க்கறதுக்கும் அதிகாரம் வேணும்ப்பா. இன்னிக்கு இவருக்குப் பாவம் பார்த்து விதியைத் தாண்டினா, நாளைக்கு உங்க முதலாளிக்கும் நான் பாவம் பார்க்கணும்."

அன்றைக்கு எனக்கு அக்கா மேல் வெறுப்பே வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று டீக்கடையில் நின்று திட்டினேன். அந்த நாலு மாதத்தை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் கடைசியில் அந்த லைசென்ஸ் அவர் பெயரில் முறையாக ஏறியது. ஏறினது ஏறினதுதான், பிறகு எவராலும் அதை அசைக்க முடியவில்லை. அதைப் பின்னால் பார்த்தேன்.

எங்கள் பில்டருக்கு அந்தப் பழைய மார்க்கெட் மேல் கண். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், மெயின் ரோட்டு முகப்பு. நகராட்சி நிலம். ஓட்டுக் கூரை, உடைந்த தளம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். திட்டம் இதுதான்: பில்டர் தன் செலவில் மூன்று மாடி வணிக வளாகம் கட்டுவார், முப்பது வருடம் அவரே நடத்துவார், நகராட்சிக்கு ஒரு வாடகை கொடுப்பார், பழைய வியாபாரிகளுக்குத் தரைத்தளத்தில் கடை. படத்தில் பார்த்தால் சிங்கப்பூர் மாதிரி இருந்தது. சேர்மன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ரூமில் மாட்டிவிட்டார்.

அந்த மார்க்கெட்டின் பின்பக்கம் மீன் வரிசை. அதில் நாலாவது பலகை என் அண்ணியுடையது. எங்கள் குடும்பம் கோவளம் பக்கத்துக் குப்பம். அண்ணன் கடலில் போய்ச் சேர்ந்த பிறகு, விடிகாலையில் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து அண்ணி அந்தப் பலகையில் உட்கார்ந்தார். இரண்டு பெண் பிள்ளைகளை அதில்தான் வளர்த்தார். என் டிப்ளமோ படிப்பும் அந்தப் பலகையில் வெட்டின மீன்தான். வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்த காலம் அது. ஆபீசில் யாருக்கும் தெரியாது.

நகராட்சி நிலத்தைக் குறிப்பிட்ட சில வருடங்களுக்கு மேல் குத்தகைக்கு விட வேண்டுமானால் அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும். டெண்டர் வைக்காமல் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கொடுக்கவும் முடியாது. இந்த இரண்டும் எங்களுக்கு இடைஞ்சல். பில்டரின் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். குத்தகை என்ற பேச்சே வேண்டாம், 'கட்டிப் பராமரிக்கும் ஒப்பந்தம்' என்று போடு. முப்பது வருடம் வேண்டாம், மூன்று வருடம் என்று போடு, முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள். மன்றக் கூட்டம் முடிகிற நேரத்தில், எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்துக்கு எழுந்திருக்கும்போது, டேபிள் அஜெண்டாவாக நுழைத்தோம். முன்கூட்டித் தராமல் அந்த நிமிடத்தில் மேஜைக்கு வருகிற தீர்மானத்துக்கு அப்படிப் பெயர். மேஜையைத் தட்டினார்கள். நிறைவேறியது. யார் படித்தார்கள்?

அந்தத் தீர்மானத்தோடு அக்கா முன்னால் போய் நின்றேன். அடிக்கோல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அரை மணி நேரம். காலை மாற்றி மாற்றி நின்றேன்.

"மூணு மூணு வருஷமா பத்து தடவையா?"

"மூணு வருஷம்தான்க்கா. அதுக்கப்புறம் புதுப்பிக்கறது அப்போ இருக்கறவங்க இஷ்டம்."

"தானா புதுப்பிக்கப்படும்னு போட்டிருக்கு. முப்பது இட்லியை மூணு மூணா தின்னாலும் முப்பது இட்லிதான்ப்பா."

பி-த்ரீ களுக்கென்று சிரித்தாள். எனக்கு எரிச்சல். "மன்றமே தீர்மானம் போட்டாச்சுக்கா. அதுக்கு மேல நீங்க யாரு?"

"நான் யாருமில்ல. ஆனா மன்றத்துக்கு இல்லாத அதிகாரம் தீர்மானம் போட்டா வந்துடுமா? எங்க வீட்டுல நாலு பேரும் கை தூக்கினா பக்கத்து வீடு எங்களுதாயிடுமா?"

குறிப்பு எழுதினார். நான் கேட்ட வரியை எழுதவில்லை. 'இந்த ஒப்பந்தம் செய்துகொள்ள மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அரசின் ஒப்புதலும் டெண்டரும் தேவை. பழைய வியாபாரிகளுக்குக் கடை என்று தீர்மானத்தில் உள்ளது, ஒப்பந்தத்தில் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.' அவ்வளவுதான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. படிக்கவில்லை என்று எவனும் சொல்ல முடியாது.

கமிஷனர் நெளிந்தார். நேராக மறுக்கவும் முடியாமல், 'பட்டியல் தயாரித்து இணைக்கவும்' என்று மட்டும் எழுதி ஃபைலைக் கீழே அனுப்பினார். தள்ளிப்போட நினைத்து எழுதியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது அதிகாரம் வந்துவிட்டதே! மறுநாள் காலையில் ஒரு பேடு, ஒரு மைப் பெட்டி, அந்த அடிக்கோலோடு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார். பில்டர் தரப்பில் நானும் கூட நிற்க வேண்டியதாயிற்று.

மீன் வரிசையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்கள் யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. தினசரி டோக்கன் கிழித்துத்தான் உட்கார்ந்தார்கள். வருடக் கணக்காக உட்கார்ந்தும் எந்த ரிஜிஸ்தரிலும் அவர்கள் இல்லை. அண்ணியின் முறை வந்தது. என்னைத் தெரியாத மாதிரி நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணிக்கும் புரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னா மேடம், எங்கள தூக்கறதுக்குத்தான பேரு எழுதிகினு கீறீங்க?"

"தூக்கக் கூடாதுன்னுதான் எழுதறேன்."

"எழுதினா தூக்க மாட்டாங்களா?"

"தூக்கினா, எங்கே திருப்பி வைக்கணும்னு தெரியும்ல?"

 அண்ணி செதில் ஒட்டின கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பெருவிரலை நீட்டினார். மூன்று காலைகளில், வாசல் பூக்கடைக்காரர் முதல் மீன் வரிசைக் கடைசி வரை, நாற்பத்திரண்டு பேர். காகிதத்தின் இரண்டு பக்கமும் பெயர், பலகை இருக்குமிடம், கைரேகை. அண்ணியின் ரேகைக்குப் பக்கத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தத் தாளை ஃபைலில் கோத்து, மேல் மூலையில் சிவப்பு மையில் 47 என்று எழுதி வட்டம் போட்டார். ஃபைலில் நுழைகிற ஒவ்வொரு தாளுக்கும் அவர் கையால் சிவப்பு எண் விழும்.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. என்னென்னமோ செய்தோம். அக்காவின் பெண் அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தாள். ஓ.எம்.ஆரில் எங்கள் முதலாளிக்கு வேண்டிய கம்பெனியில் வேலை, தாம்பரத்திலிருந்து கம்பெனி வண்டி வரும் என்று தூது போனேன். அக்கா கோபப்படவில்லை.

"அவளுக்கு வேலை குடுக்க உங்க முதலாளிக்கு அதிகாரம் இருக்கு. அதை வாங்கிக்க எனக்கு இல்ல. டீ சாப்பிடறியா?"

பிறகு நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஒரு திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு. மூன்று பஸ் மாறிப் போகிற ஊர். ரிட்டயராக இரண்டு வருடம் பாக்கி. ஆபீசில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் போயிருந்தேன், வழியனுப்புகிற மாதிரி. தன்னிடம் இருந்த ஃபைல்களுக்கெல்லாம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். மார்க்கெட் ஃபைல் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் புரட்டி எண்ணுப்பா. சத்தமா."

"நானா?"

"நீதானே தினம் வர்றே. உன்னைவிட இந்த ஃபைலைத் தெரிஞ்சவன் யாரு?"

வேடிக்கையாகத்தான் எண்ணினேன். நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. அண்ணியின் ரேகை என் விரலுக்கடியில் போனது. தொண்ணூற்றிரண்டில் முடிந்தது. 'பக்கம் 1 முதல் 92 வரை, எண்ணிச் சரிபார்த்தேன்' என்று எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய சாட்சி என்ற இடத்தில் விரலை வைத்தார். போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். ஒரு நகலைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கும் மைசூர்பாகு வாங்கிப் போயிருந்தேன். ஒன்று எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பித் தந்தார்.

புது சி-டூ வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இடைவெளியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த லிஸ்ட் உள்ள இருந்தா நாப்பத்திரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவான். அது இல்லாம இருக்கட்டும். கடை கொடுக்காம விட்டுடுவோமா? வாய்வார்த்தைதான், ஆனா வார்த்தை வார்த்தைதான். உங்க அண்ணிக்கு மொதல் கடை."

அண்ணியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை. ரெக்கார்டு ரூமில் எனக்குத் தடை கிடையாது. பச்சைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன், நாற்பத்தேழை உருவினேன், திரும்ப முடிந்தேன். பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை. நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஆபீசில் பக்கம் பார்க்கிற ஒரே ஆளை அனுப்பியாகிவிட்டதே.

புது சி-டூ நான் கேட்ட வரியை டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தான்.

மார்க்கெட் இடிந்தது. நீலத் தகரம் அடைத்தார்கள். மீன்காரப் பெண்கள் ரோட்டோரம் சாக்கடை மேல் பலகை போட்டுக்கொண்டார்கள். இரண்டு வருடம், இரண்டு மழைக்காலம். அண்ணிக்குக் கால் வீங்கியது. "வந்துரும் அண்ணி, மொதல் கடை உங்களுது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டடம் எழும்பியது. தரைத்தளத்தில் சூப்பர் மார்க்கெட்டும் கார் நிறுத்துமிடமும். மீன் வியாபாரிகளுக்கு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பின்பக்கத்தில், அதுவும் மாத வாடகையாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"மூணாவது மாடில மீனு இன்னா பறந்துகினு வருமா?" என்று அண்ணி கேட்டார். நான் மேனேஜருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

நாற்பத்திரண்டு பேரில் நிமிர்ந்து நின்றவர் அந்தப் பூக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் பெயரில் லைசென்ஸ் இருந்தது. தரைத்தளத்தில் ஒரு மூலையை அவருக்கு ஒதுக்காமல் அவர்களால் முடியவில்லை. மற்றவர்களுக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடித்து கோர்ட்டுக்குப் போனார்கள். மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அக்கா எழுதின குறிப்பு ஃபைலில் அப்படியே இருந்தது, வக்கீலுக்கு அது கரும்பு. ஆனால் ஒப்பந்தம் செல்லாது என்றே ஆனாலும், அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று காட்ட வேண்டுமே? நாற்பத்தேழாம் பக்கம் எங்கே என்று நீதிபதி கேட்டார். நகராட்சி, அப்படி ஒரு பக்கம் ஃபைலில் இருந்ததே இல்லை, எண் போடும்போது தவறிவிட்டது என்றது.

நான் அதற்குள் அந்த வேலையை விட்டு, தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டிருந்தேன். ஒருநாள் அந்த வக்கீல் கடைக்கு வந்தார். மேஜையில் ஒரு தாளை வைத்தார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். பக்கம் 1 முதல் 92 வரை.

"இந்தச் சாட்சிக் கையெழுத்து உங்களுதா சார்?"

என் கையெழுத்தில் ஒரு சுழி இருக்கும். இல்லையென்று சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்க? அந்தத் தாள் என் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. லயசன்காரன் எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டான். என்றைக்காவது உதவும் என்று வைத்துக்கொள்வான். அண்ணியின் ரேகையோடு மூன்று வருடமாக அது அங்கே கிடந்தது. நானும் அதே வீட்டில் தின்று தூங்கிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். பழக்க தோஷம், கையில் மைசூர்பாகு. குகைக் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்து, மாடி வீடு. கம்பெனி லாரிகள் போகும்போது ஜன்னல் அதிர்ந்தது. அக்கா ரிட்டயராகி மெலிந்திருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடிக்கோல் இல்லை, விரலாலேயே வரி வரியாகப் படித்தார். நாற்பத்திரண்டு பெயரையும். அந்தச் செதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்களே இதை வக்கீல்கிட்ட கொடுத்துடுங்க. உங்ககிட்ட இருந்ததுன்னு சொல்லிடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"எனக்கு அதிகாரம் இல்லப்பா. எடுத்தவன் கையாலதான் திரும்பி வரணும்."

"ஜெயிலுக்குப் போகணும்க்கா."

அக்கா அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார். லாரி ஒன்று போனது. நான் கேட்டேன், "அன்னிக்கு என்னை ஏன் சாட்சியாப் போட்டீங்க? எடுப்பேன்னு தெரிஞ்சுதானா?"

"சந்தேகம் இருந்தது. எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் எடுக்க யோசிப்பான்னு நெனச்சேன்." கீரைக் காம்பைக் கிள்ளினார். "நெனச்சது தப்பாப் போச்சு."

டப்பாவைத் திறந்து நீட்டினேன். பார்த்தார். மூடி என் பக்கமே தள்ளினார். ஒன்றுகூட எடுக்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது அழுதுவிட்டேன். என்னை யாரும் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

பத்து நாள் பயந்தேன்.  பதினோராம் நாள் வக்கீலிடம் போய், எடுத்தது நான்தான் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கொடுத்தேன். அன்றைக்கே அண்ணியிடமும் போய்ச் சொன்னேன். சாக்கடை மேல் பலகையில் உட்கார்ந்து கானாங்கத்தை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"என் கைரேகைய நீயே உருவிகினு போனியா?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கோர்ட்டு அந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் பட்டியலில் உள்ள நாற்பத்திரண்டு பேருக்கும் தரைத்தளத்தில் இடம் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கார் நிறுத்தின இடத்தைக் கழுவிவிட்டார்கள். என் மேல் தனி வழக்கு. மாதம் ஒருமுறை போய் நிற்கிறேன். நிற்க வேண்டியதுதான்.

பலகை போட்ட முதல் நாள் அண்ணியின் சின்னப் பெண் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஒரு பையை வைத்தாள். உள்ளே ஐஸில் இரண்டு பெரிய சங்கரா. "அந்த மேடத்துக்கு அம்மா குடுக்க சொல்லிச்சி. ஒனக்கு இல்லியாம், சொல்ல சொல்லிச்சி."

அடுத்த ரயிலில் போனேன். அக்கா பையைத் திறந்து பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்ல மீன் என்றார். ஒன்றை எடுத்து சிங்க்கில் வைத்தார். எனக்குத் தெரியும், மரியாதைக்கு ஒன்று. மற்றதைப் பையோடு என் கையில் கொடுத்தார்.

"அண்ணிகிட்ட திருப்பிக் குடுத்துடவாக்கா?"

"எதுக்கு? எடுத்துட்டுப் போய் சமைச்சுச் சாப்பிடு."

"அண்ணி எனக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சாங்க."

அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எனக்குக் குடுத்தாச்சுல்ல. இப்ப இது என்னுது. யாருக்குக் குடுக்கவும் எனக்கு அதிகாரம் இருக்கு."